யாருடைய கோடு?

பிறர் வரைந்த கோட்டின்மீது உளியைச் செலுத்தி, மயிரிழையும் பிசகாமல் அதை மரத்தில் செதுக்குபவனுக்கு அந்தக் கோட்டில் உரிமை உண்டா? உழைத்தது அவன் கை. கண்டது வேறொருவர் கண். ஜப்பானிய ஓவியர் யாமாமோத்தோ கனாயேயின் (1882–1946) வாழ்க்கை முழுவதையும் இந்தக் கேள்வி ஆட்கொண்டிருந்தது எனலாம்.

ஜப்பானின் பழைய மர அச்சு ஓவியங்கள் நால்வரின் கூட்டு முயற்சியில் பிறந்தவை. பதிப்பாளர் பொருளுதவி செய்து பணியை நடத்துவார். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். செதுக்குபவர் அத்தாளைப் பலகையில் ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு மற்ற இடங்களை அகழ்ந்தெடுப்பார். அச்சிடுபவர் பலகையில் வண்ணம் தடவி, தாளை வைத்துத் தேய்த்து எடுப்பார். ஹொகுசாயின் பேரலை ஓவியத்தை உலகம் அறியும். விரல்களைப் போல் வளைந்து நிற்கும் அதன் நுரையைப் பலகையில் வடித்தவரின் பெயர் அந்தப் படத்தில் இல்லை.

கனாயே சிறுவயதிலேயே மரச்செதுக்குக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அச்சேறும் படங்களுக்காகப் பிறர் வரைந்தவற்றை மரத்தில் செதுக்குவதே அங்கு வேலை. பல ஆண்டுகள் அவ்வாறு கழிந்தபின், 1902-ல் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் மேல்நாட்டு ஓவியம் பயிலச் சேர்ந்தார். 1904-ல் சோஷி என்ற கடலோர ஊரில் தாம் கண்ட மீனவர் ஒருவரின் உருவத்தைத் தாமே மரத்தில் செதுக்கி அச்சிட்டார். நண்பர் இஷீ ஹாகுதேய் அதை ‘மியோஜோ’ இதழில் வெளியிடச் செய்தார். எளிய, சிறிய படம்தான். ஆயினும் ‘சோசாக்கு ஹங்கா’ எனப்படும் படைப்பு அச்சோவிய இயக்கத்தின் தொடக்கமாக அதுவே கருதப்படுகிறது. தானே வரைதல், தானே செதுக்குதல், தானே அச்சிடுதல் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. 1918-ல் இதற்கெனச் சங்கம் அமைந்தது. மறு ஆண்டே அதன் முதல் கண்காட்சியும் நடந்தது.

மூன்று முறை ஒலிக்கும் அந்த ‘தானே’ அகந்தையின் குரல் அல்லவா என்று ஒருவர் வினவலாம். பெயரை விரும்பாமல் பிறர் கோட்டுக்குத் தன்னை ஒப்படைத்த பழைய செதுக்குநரன்றோ உயர்ந்தவர்? வினா நியாயமானதே. ஆனால் தனக்கென ஒரு கோடு இருந்தும் அதை விட்டுக்கொடுத்தவன் வேறு; கோடு வரையும் வாய்ப்பே பெறாதவன் வேறு. பின்னவனின் மௌனத்தைத் துறவு என்று போற்றுவது, போற்றுகிறவருக்கு மிக வசதியான காரியம். அதேசமயம், கூட்டுழைப்பில் உயிர் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதே காலத்தில் பதிப்பாளர் வாத்தானாபே ஷோசாபுரோவின் ஆதரவில், பழைய முறைப்படி கைவினைஞர் பலர் கூடி உருவாக்கிய கவாசே ஹாசுயியின் பனிக்காட்சிகளைக் கண்டவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

கனாயேயின் ‘தானே’ எத்தகையது என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கையில்தான் காண வேண்டும். 1912-ல் பிரான்சு சென்ற அவர், 1916-ல் ரஷ்யா வழியாகத் தாயகம் திரும்பினார். மாஸ்கோவில் உழவர்களின் கைவினைப் பொருள்களும் குழந்தைகளின் ஓவியங்களும் அவர் மனத்தைத் தொட்டன. அக்காலத்து ஜப்பானியப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு என்றால், பாடநூலில் உள்ள மாதிரிப் படத்தைப் பார்த்து அப்படியே வரைவது. சன்னலுக்கு வெளியே மலை இருக்கும். மாணவனோ புத்தகத்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். தான் வரைந்தது சரியா என்பதை மலையிடம் கேட்கவேண்டிய பொறுப்பு அவனுக்கு இல்லை. புத்தகத்தோடு ஒத்திருந்தால் போதும். செதுக்குக்கூடத்தில் கனாயே அனுபவித்த அதே நிலைதான் இது. 1919-ல், நகானோ மாநிலத்தில் உயேதாவை அடுத்த கங்காவா கிராமத்துப் பள்ளியில், குழந்தைகள் தாமாக வரைந்த ஓவியங்களின் கண்காட்சியை அவர் நடத்தினார். அந்த முயற்சி விரைவில் நாடெங்கும் பரவியது. நீரில்லாமலே வண்ணங்களைக் கலந்து தீட்ட உதவும் எண்ணெய் வண்ணக்குச்சிகள் 1925-ல் ஜப்பானில் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

எதிர்ப்பும் எழுந்தது. பயிற்சியற்ற சுதந்திரம் கையைத் தேற்றுமா என்று கேட்டனர். கனாயேயின் கை தேறியதே பிறர் கோடுகளைப் பல்லாண்டுகள் செதுக்கியதால்தான் என்பதை நினைக்கையில், அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. எந்த ஒழுங்கு அவருக்குத் திறனை அளித்ததோ, அதிலிருந்தே குழந்தைகளை விடுவிக்க அவர் விழைந்தார்.

அதே ஆண்டின் குளிர்காலத்தில், வயல்வேலை இல்லாத நாட்களில் உழவர்கள் மரத்தில் செதுக்கவும் பொம்மைகள் செய்யவும் கற்கும் பயிற்சியை அதே கிராமத்தில் தொடங்கினார். பின்னர் அதற்கென ஒரு நிலையமும் எழுந்தது. பணத்துக்கு அலைவதும் கடன் சுமப்பதும் அவருக்கு வழக்கமாயின. அவர் செய்த அச்சோவியங்கள் எண்ணிக்கையில் குறைவு. பிரித்தானிப் பெண்ணைச் சித்திரிக்கும் அவருடைய 1920-ம் ஆண்டுப் படத்தின் அமைதியில் தோய்ந்தவர்களுக்கு, இத்தகைய கலைஞன் நன்கொடைக் கணக்கில் நாட்களைச் செலவிட்டானே என்ற வருத்தம் எழத்தான் செய்யும். அந்த இழப்பு உண்மையானது. அதை இல்லை என்று மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், தமக்குக் கிடைத்த கோட்டைத் தமக்கென்றே வைத்துக்கொள்ள அவரால் இயலவில்லை.

1930-களின் நடுவில் அரசு உதவி நின்றது, நிலையம் மூடப்பட்டது. 1942-ல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. 1946 அக்டோபரில் உயேதாவில் காலமானார். அவரிடம் கற்றவர்கள் வழியாக அந்த மரச்செதுக்குக் கலை உயேதாவில் தொடர்ந்து வாழ்ந்துவருகிறது.