கைகூப்பும் குழுக்கள்

ஆசான் சொல்லுக்கு எதிர்ச்சொல் உண்டா? இல்லை என்றது பழமை. வாய்பொத்தி, கைகட்டி, குனிந்து நின்று கேட்பவனே நன்மாணாக்கன் என்றது. ஏகலைவன் கதையோ அதற்கும் ஒரு படி மேலே போயிற்று. சொல்லியே கொடுக்காத குருவுக்கும் கட்டைவிரலை வெட்டித் தரவேண்டுமாம்! அந்தக் கதையை மேடைதோறும் எள்ளி நகையாடக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால், தோழர்களே, இன்று நம் ஆசிரியப் பெருமக்களின் அலைபேசியைச் சற்றே எட்டிப் பாருங்கள். அங்கே கட்டைவிரல் வெட்டப்படுவதில்லை, உயர்த்தி அனுப்பப்படுகிறது. எது வந்தாலும் ஒரு கட்டைவிரல். எவர் சொன்னாலும் ஒரு கைகூப்பு!

ஆசிரியர் இணையத்தில் குழுவாகக் கூடுவது தீதென்று கூற வரவில்லை. அதன் அருமை மலையடிவாரத்தில் பாடம் நடத்துவோர்க்கு நன்கு தெரியும். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையின் காலடியில் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணிலுக்கென 1988-இல் சரணாலயம் அமைந்த காடு. 2021-இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. தேனெடுத்து வாழும் பளியர் குடியிருப்பும், தோப்புக் காவலுக்கும் கூலி வேலைக்கும் போவோர் வீடுகளும் அப்பகுதியில் உண்டு. இத்தகைய சுற்றுவட்டாரப் பள்ளியில் ஆசிரியருக்கு ஓர் ஐயம் எழுந்தால், கேட்பதற்கு அடுத்த அறையில் ஆள் இருக்கமாட்டார். குறுவளமையக் கூட்டம் கூடும் நாளை எண்ணிக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ, "பின்னத்தை எப்படிப் புரியவைப்பது?" என்று இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் — புலனம் என்பர் தமிழன்பர் — கேட்டால், இராசபாளையத்திலிருந்து ஒருவர் காகிதத்தை மடித்துப் படம் அனுப்புகிறார், அறந்தாங்கியிலிருந்து இன்னொருவர் அதிரசத்தை நான்காக வெட்டிக் காட்டுகிறார். பேருந்துச் செலவில்லை; எவர் முன்னும் பல்லிளித்து நிற்க வேண்டியதுமில்லை. கற்றதை மறைத்து வைத்து, ஏட்டைப் பரணிலே பூட்டி, கறையானுக்குப் படைத்த நாட்டில் இது சிறு புரட்சி அல்லவா!

ஒருவர்க்கொருவர் கற்பித்தல் நமக்குப் புதிதுமன்று. சென்னையில் 1789 முதல் 1796 வரை அனாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையைத் தம் பள்ளியில் கைக்கொண்டார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. பெருமைதான். ஆனால் அதன் குறையையும் கூறியாக வேண்டும். சட்டாம்பிள்ளை சொன்னான், கூட்டம் ஒப்பித்தது. அவன் பிழைபடச் சொன்னால்? கூட்டமும் பிழைபட ஒப்பித்தது!

நம் குழுக்களிலும் சட்டாம்பிள்ளைகள் இருக்கிறார்கள். திருநள்ளாற்றுச் செய்தியை நீங்களும் கண்டிருப்பீர்கள். சனீசுவரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுபோகின்றனவாம், நாசா வியந்ததாம்! பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு அலைபேசிகளைச் சுற்றிவரும் இந்தப் புளுகு, நாம் இருந்த ஆசிரியர் குழுவொன்றுக்கும் வந்தது. அனுப்பியவர் மூத்தவர், அறிவியல் பட்டம் பெற்றவர். ஒரு மணி நேரத்துக்குள் கைகூப்புகள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன.

மறுக்கப் பெரும்புலமை வேண்டுமோ? ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் போதும். புவிக்குச் சில நூறு கிலோமீட்டர் உயரே சுற்றும் செயற்கைக்கோள், நொடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் விரைகிறது. அந்த விரைவுதான் அதை விழாமல் காக்கிறது; நின்றால் விழும். நிற்பதுபோலத் தோன்றும் கோள் ஒன்று உண்டு. அது 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே மட்டுமே அப்படி நிற்கும். திருநள்ளாறோ அக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. சனி வந்தாலும் சரி, வேறெவர் வந்தாலும் சரி, அவ்வூரின் உச்சிக்கு மேலே ஒரு கோளை நிறுத்திவைக்க இயலாது.

இதை எழுதி அனுப்பினோம். "சார், பெரியவர்கள் பகிர்ந்ததை இப்படிப் பொதுவில் மறுக்கலாமா?" என்றார் ஒருவர். "நம்பிக்கையைப் புண்படுத்தாதீர்கள், தம்பி" என்றார் இன்னொருவர். கணக்குத் தவறென்று மட்டும் எவரும் கூறவில்லை!

இங்கேதான் அறவினா எழுகிறது. மறுப்பது மரியாதைக் கேடா? காலாவதியான மருந்தைக் கடைக்காரர் எடுத்து நீட்டுகிறார். அவர் வயதில் மூத்தவராயிற்றே என்று வாய்மூடி வாங்கி வந்து பிள்ளைக்கு ஊட்டுவோமா? ஊட்டமாட்டோம். அங்கே நாம் காப்பது பிள்ளையை. குழுவில் வாய்மூடும்போது நாம் காப்பது யாரை? நம் நற்பெயரை, அடுத்த இடமாறுதலின்போது உதவக்கூடியவரின் புன்முறுவலை. வேறெதையும் அன்று. தலைமையாசிரியரும் அதிகாரியும் அமர்ந்திருக்கும் குழுவில் இளையவர் அஞ்சுவது இயற்கையே. அஞ்சி அடங்குவதைப் பண்பாடு என்று பெயர்சூட்டிப் பாராட்டுகிறோமே, அதைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. அறிவியல் மனப்பான்மையும் கேட்டறியும் உணர்வும் வளர்த்தல் குடிமகன் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். குடிமகனுக்கே கடமை என்றால், கூலி பெற்றுக் கற்பிப்பவனுக்கு?

பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் தமிழ்நாட்டில் திறந்தது 2021 நவம்பரில். அவ்வாண்டு ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் ஏழை மக்கள் வாழிடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் சிற்றூர்ப் பிள்ளைகளில் இணையவழி ஒழுங்காகப் படித்தோர் 100-க்கு 8 பேர் மட்டுமே. எஞ்சிய 92 பேருக்கு இணையம் எது? ஆசிரியரின் வாய்தான். நகரத்துப் பிள்ளை ஐயுற்றால் தானே தேடிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். மலையடிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பில்லை. குழுவில் நாம் சலிக்காமல் விட்ட உமி, அதன் தட்டில் சோறாக விழுகிறது.

இன்னொன்றும் கண்டோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் சிறுவன் ஒருவனை ஒளிப்படம் எடுத்து, 'இவனையும் படிக்கவைப்பேன்' என்ற வீரமொழியோடு வெளியிட்டார் ஓர் ஆசிரியர். பாராட்டுகள் குவிந்தன. அவன் தாயைக் கேட்டார்களா? 18 அகவை நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. சட்டம் கிடக்கட்டும், தம் மகன் திணறுவதை அந்த ஆசிரியர் ஊருக்குக் காட்டுவாரா? குழுவில் ஒருவராவது இதைக் கேட்டிருந்தால், அந்தப் படம் அன்றிரவே நீங்கியிருக்கும்.

ஆகவே, நண்பர்கள் சிலர் சேர்ந்து தனிக்குழு ஒன்று கண்டோம். பகிர்பவர் 'எங்கிருந்து பெற்றேன்' என்று ஒரு வரி எழுதவேண்டும். கைகூப்பும் படத்துக்கு இடமில்லை. ஏற்றால் ஏன், மறுத்தால் ஏன் என்று சொல்லவேண்டும். முதல் வாரத்தில் மூவர் விலகினர். இருப்போர் இருபதுக்கும் குறைவு.

செயற்கைக்கோள் கணக்கை அங்கும் இட்டோம். பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஆசிரியை ஒருவர் உடனே கேட்டார்: "35,786 என்பது தரையிலிருந்தா, புவியின் நடுவிலிருந்தா? அதைச் சொல்லாமல் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?" தரையிலிருந்துதான், நடுவிலிருந்து அளந்தால் 42,000-க்கும் சற்று மேல். இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டோம். மறுநாள் அவர் கரும்பலகையில் வரைந்த படம் வந்தது. அதில் திருநள்ளாறும் இருந்தது, செண்பகத்தோப்பும் இருந்தது.