சுவரும் செவியும்

அயலவரின் குரல் கேளாதவாறு சுவரை அடைத்தல் அன்புக்கு மாறானதா? மடுல்சீமைத் தோட்டங்களின் லயன்களைக் கருதுவோர்க்கு இவ்வினா தவிர்க்கவொண்ணாதது.

பிரித்தானியர் கால லயன்களில் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்தது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பராவே. இடைச்சுவர் கூரைத் தகரத்தைத் தொடாத லயன்கள் பல. சுவர் எத்துணைத் தடிப்பாயினும் ஒலி அவ்விடைவெளியால் அப்பாற் செல்லும். ஆதலின், கூரைவரை கல்லடுக்கி வெடிப்புகளைச் சாந்தால் அடைத்தலே திருத்தவேலையின் முதற்படியாகும்.

இதனை விரும்பாதாரும் உளர். நள்ளிரவில் பேறுகால வேதனைக் குரல் கேட்டு அயற்காம்பராப் பெண்கள் ஓடிவருதல் அவ்விடைவெளியின் கொடையன்றோ என்பர் அவர். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும், கணவன் மனைவி பூசலும் கடன்பட்டாரின் புலம்பலும் அவ்வழியே லயன் முழுதும் பரவின. கேட்கப்படுவதற்கு எவரும் இசையவில்லை. கேளாதிருக்கவும் எவர்க்கும் வழியில்லை. இத்தகைய நெருக்கத்தை ஒற்றுமையெனப் போற்றுதல், கட்டியோரின் சிக்கனத்தை அறமெனப் போற்றுவதாகும். 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களின் உடைமையை மாற்றின. லயன் வாழ்வு அதனால் முடிந்துவிடவில்லை.

மறைவிடம் மாளிகையார்க்கு மட்டும் உரியதன்று. இரவில் தன் சொல் தன் வீட்டில் நிற்குமென்னும் உறுதி கூலிக்கு உழைப்பார்க்கும் வேண்டும். எனினும் சுவர் அடைபட்டபின் அயலார் துயர் தானே வந்து செவியில் விழாது. அதனை நாடிச்சென்று கதவைத் தட்டி வினவுதல் வேண்டும். முன்னர்த் தற்செயலாய் நேர்ந்த உதவி, அதன்பின் மனமறிந்து ஆற்றும் கடமையாகின்றது. அடைத்த சுவரின் பயனும் பொறுப்பும் இதுவே.