வரிசையும் வடிகட்டியும்

சென்ற ஆண்டு எனது கைபேசியில் பணிகளை ஒழுங்குபடுத்தும் செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டேன். விடைத்தாள் திருத்தம், பெற்றோர் கூட்டம், அதிபர் கேட்கும் அறிக்கைகள் என்று தலைக்குள் கிடந்து உழன்ற யாவற்றையும் அதில் இறக்கிவைத்தேன். பட்டியல் நூறைத் தாண்டியதும் பார்க்கவே அச்சமாயிற்று. ஆகவே ஒரு வடிகட்டி விதி எழுதினேன்: 'இன்று செய்யவேண்டியவை அல்லது நாள் கடந்தவை, இவற்றை மட்டும் காட்டு.' மாலையில் நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறும்போது திரை வெறுமையாக இருக்கும். மனமும் இலேசாக இருக்கும்.

ஒரு நாள் வகுப்பில் ஒரு பிள்ளை புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். கண் பரிசோதனைக்குக் கடிதம் தரும்படி அவளது தாயார் என்னிடம் கேட்டு ஒரு தவணை கழிந்திருந்தது. நான் அதைச் செயலியில் குறித்தே வைத்திருந்தேன். நாள் மட்டும் இடவில்லை. நாளில்லாத பணி இன்றைக்குரியதும் அல்ல, நாள் கடந்ததும் ஆகாது. விதி நான் எழுதியபடியே ஒழுங்காக நடந்திருக்கிறது. கடிதத்தை அன்றே எழுதிக் கொடுத்தேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. நான் மறுக்கவில்லை, ஒதுக்க எண்ணவுமில்லை. அப்படியானால் அந்தத் தவணை முழுவதும் அவளை ஒதுக்கியது யார்?

இத்தகைய விதிகளின் அடித்தளம் மூன்றே சொற்கள்: 'உம்', 'அல்லது', 'அல்லாதது'. இவற்றைக் கணிதமாக்கியவர் ஜோர்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர். சிந்தனையின் விதிகள் பற்றிய அவரது நூல் 1854இல் வெளிவந்தது. பேராசிரியராவதற்கு முன் அவரும் பாடசாலை நடத்திய ஆசிரியரே என்பதில் எனக்கொரு சின்ன மகிழ்ச்சி உண்டு. 'தரம் எட்டுப் பிள்ளைகளும் தரம் ஒன்பது பிள்ளைகளும் எழும்புங்கள்' என்று நான் சொன்னால் இரு வகுப்பும் எழும்பும். அதே 'உம்'மை இயந்திரத்திடம் கொடுத்தால் ஒருவரும் எழும்பமாட்டார். இரண்டு தரத்திலும் ஒரே வேளையில் படிக்கும் பிள்ளை இல்லையே. அங்கே 'அல்லது' என்றே எழுதவேண்டும். பிள்ளைகள் என் சொல்லைத் தாண்டி என் கருத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். விதிக்கு அந்தக் கருணை கிடையாது. நம்முடைய நிய்யத்து அதற்குத் தெரியாது. நாம் எழுதியது மட்டுமே தெரியும்.

வரிசைப்படுத்துவது வேறு, வடிகட்டுவது வேறு. வரிசையில் கடைசியில் நிற்பவருக்குத் தன் இடம் தெரியும், முறை வரும் என்ற நம்பிக்கையும் இருக்கும். வடிகட்டப்பட்டவர் வரிசையிலேயே இல்லை. அவர் இல்லை என்பதும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

இதை எண்ணும்போது கைபேசியை விட்டு மனம் நம்முடைய வரலாற்றுக்குப் போகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முடிந்தபின் இடம்பெயர்ந்தோர் ஒரு திகதியால் பிரிக்கப்பட்டனர். 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் 'பழையவர்', பின் இடம்பெயர்ந்தவர் 'புதியவர்'. மீள்குடியேற்ற உதவிகளில் புதியவருக்கே முன்னுரிமை. வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரும் பழையவர் ஆயினர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவகத்தை விட்டுப் போய்த் திரும்பாதிருந்த தமிழ்க் குடும்பங்களும் அதே சொல்லுக்குள் அடங்கின.

அந்த விதியை எழுதியவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. அப்போது வவுனியா முகாம்களில் மூன்று இலட்சம் பேரளவில் அடைபட்டிருந்தனர். அவசரம் உண்மையானது. வைத்தியசாலையில் இரத்தம் வழிபவரை முதலில் பார்ப்பதை எவரும் அநீதி என்று சொல்லமாட்டார். ஆனால் முதலில் இவர் என்றால் அடுத்தது எவர் என்பதும் அந்த விதியில் இருந்திருக்க வேண்டும். அடுத்தவருக்கு நாள் குறிக்கப்படாதபோது, வரிசையாகத் தொடங்கியது வடிகட்டியாகிவிடுகிறது. என் செயலியில் நடந்ததும் அதுதான். இங்கே ஒரு தவணை, அங்கே ஆண்டுக்கணக்கு.

ஆகவே விதியை எழுதியவரே பொறுப்பாளி என்பது என் எண்ணம். வடிகட்டாமல் வாழ முடியாது என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பவர் எதையும் செய்து முடிக்கமாட்டார். ஆனால் விதி என்பது ஒருமுறை எழுதியதும் தீர்ந்துபோகும் செயல் அன்று. அது ஒவ்வொரு நாளும் நம் பெயரால் நடந்துகொண்டேயிருக்கிறது. எழுதியபோது இருந்த நல்லெண்ணம் அத்தனை நாள்களுக்கும் போதாது. ஒருவர் தம் தேவையைச் சொல்லிவிட்டுப் போவது நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைத் தொலைக்காமல் வைத்திருந்தேன் என்பது மட்டும் பதிலாகாது.

இப்போது என் செயலியில் இரண்டாவது விதி ஒன்று உண்டு: 'நாள் குறிக்கப்படாதவற்றை மட்டும் காட்டு.' வெள்ளி மாலையில் அதைத் திறக்கிறேன். முதல் விதி மறைத்ததை இது காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடுகிறேன். இட முடியாவிட்டால், முடியாது என்று உரியவரிடமே சொல்லிவிடுகிறேன். சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டவர் அதன்பின் வேறு கதவைத் தட்டலாம். திரை முன்போல் வெறுமையாக இருப்பதில்லை. படகில் மனமும் அவ்வளவு இலேசாக இல்லை.