கணிப்பின் மெய்ம்மையும் கட்டற்ற மென்பொருளும்: ஓர் அளவையியல் நோக்கு

உலகக் கணித அறிஞர் பேரவை 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 முதல் 27 வரை ஐதராபாத்தில் கூடியது. 1897இல் தொடங்கிய அப்பேரவை இந்திய மண்ணில் நிகழ்ந்தது அதுவே முதன்முறை. ஒரு தேற்றத்தை மொழிந்தவர் எத்துணைப் புகழுடையவராயினும், நிறுவலைப் படிப்படியாகக் காட்டினாலன்றி அவர் கூற்று ஏற்கப்படுவதில்லை என்பது கணித அறிஞர் அனைவர்க்கும் பொதுவான அறம். நிறுவலின் ஒரு பகுதியைக் கணிப்பொறி செய்யுமிடத்து அவ்வறம் யாதாகும் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையும் சிவஞானசித்தியாரும் விளக்கும். கணித நிறுவல் கருதலின்பாற்படும். மூலநிரல் மறைக்கப்பட்ட மென்பொருள் தரும் விடையோ உரையளவையாகவே நிற்கிறது. உரைத்தோரை நம்புவதன்றி, உரைத்த முறையை ஆராய வழியில்லை.

இது வெற்று ஐயமன்று. மேத்தமேட்டிக்கா என்னும் வணிக மென்பொருள், பெரிய முழுஎண்களாலான ஒரே அணியின் அணிக்கோவைக்கு இருமுறையும் இருவேறு விடைகள் தந்ததை இசுபானியக் கணித அறிஞர் மூவர் 2014ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதக் கழக இதழில் எடுத்துக்காட்டினர். பிழை உண்டென்பது புலனாயிற்று. அஃது எவ்விடத்தது என மூலநிரலைப் பயில்வோர் தாமே தேட இயலவில்லை.

ஆக்டேவ், சைலாப், சேஜ் முதலிய கட்டற்ற மென்பொருள்களிலும் பிழைகள் உள. அவற்றின் நிரலைப் படிப்போரும் மிகச் சிலரே. ஆதலின் இரண்டும் ஒன்றே எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதம் பொருந்தாது. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களைக் காட்டினார். அவற்றைப் படிப்போர் அனைவரும் ஒப்புநோக்குவதில்லை. எனினும் ஐயுற்றவன் ஒருவனுக்கு வழி திறந்திருக்கிறது. அத்திறப்பே பதிப்பின் நேர்மை. ஆராயும் உரிமை வேறு. அதனைப் பயன்கொள்ளுதல் வேறு.

உரிமக் கட்டணம் செலுத்த இயலாத கல்லூரி மாணவர், பிறர் முடிவைச் சரிபார்க்கும் வாய்ப்பையும் இழக்கின்றனர். ஐதராபாத்தில் சுவேச்சா அமைப்பு கட்டற்ற மென்பொருளைப் பரப்பி வருகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாசி திட்டத்தின்வழி மாணவர்கள் பாடநூல் எடுத்துக்காட்டுகளைச் சைலாப் நிரல்களாக எழுதியுள்ளனர். இவை செலவைக் குறைக்கும் முயற்சிகள் மட்டுமல்ல. சரிபார்ப்போர் வட்டத்தை விரிப்பனவுமாம்.

மூடிய மென்பொருளைக் கையாளுதல் தன்னளவில் குற்றமன்று. அதன் விடையை, பிறர் சோதிக்கும் வழி காட்டாது, நிறுவப்பட்டதாக முன்வைப்பதே அறத்தினின்றும் வழுவுதலாகும். வழி திறந்திருக்கும்போது அதனுட் புகுந்து ஆராயும் கடமை அறிவுலகத்தைச் சாரும். அக்கடமையை ஒருவரும் ஏலாராயின், திறந்த நிரலும் உரையளவையாகவே எஞ்சும்.