மலையைக் குடைய யாரைக் கேட்பது?

மலையைத் தெய்வமாகக் கும்பிடும் ஊரில் மலையைக் குடையலாமா? தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகத்துக்காக அம்பரப்பர் மலைக்குள் சுரங்கப்பாதை போடும் திட்டம் வந்தபோது எழுந்த கேள்வி இது. தங்கத்துக்குத் தோண்டுவது பேராசை, இதுவோ அறிவுக்காக, ஆகவே குற்றமில்லை என்பது ஒரு தரப்பின் வாதம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலின் கதை தெரிந்தவருக்கு இது அவ்வளவு எளிதாகத் தோன்றாது. 1880-இல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி கால் பதித்த அந்த மண்ணில் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டின. வட ஆற்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், பாறை வெடித்துச் சரிந்தும் கல்தூசு நுரையீரலில் படிந்தும் செத்தார்கள். அதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது. அறிவுக்கு வேண்டிய ஆழத்தைப் பொன்னாசைதான் தோண்டிக் கொடுத்தது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் வெளியே போயிருந்தது, சயனைடு கலந்த மண்மேடுகள் ஊருக்கு மிஞ்சின. நோக்கம் நல்லது என்பதால் மட்டும் தோண்டுவது நியாயமாகிவிடாது.

அதற்காக மலையைத் தொடவே கூடாது என்றும் அதே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று சொல்ல முடியாது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைத் துளைத்த சுரங்கம் வழியே கிழக்கே இறங்கியதால்தான் இங்கே இருபோக நெல் விளைகிறது. கட்டும்போது மலேரியாவிலும் காலராவிலும் கூலியாட்கள் பலர் மடிந்ததை மறக்க வேண்டாம். ஆனாலும் அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் படம் இங்கே வீடுகளில் சாமி படத்தோடு தொங்குகிறது. அவர் பிறந்த ஜனவரி 15-இல் இங்குள்ள பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். துளைத்தவரையே கும்பிடும் மக்களுக்கு மலையின் புனிதம் தொடாமையில் இல்லை. மலையிடம் எடுத்தது மலையடியில் வாழ்பவரிடம் வந்து சேர்வதில் இருக்கிறது. இது பக்தியா, வெறும் லாபக் கணக்கா என்று கேட்கலாம். நேர்ந்துகொண்டு, கேட்டது கிடைத்ததும் கிடா வெட்டும் நம் வழிபாட்டில் இந்த இரண்டும் என்றைக்குமே பிரிந்திருந்ததில்லை. அறிவு உலகுக்கே பொது, அதன் பலன் பொட்டிபுரத்துக்கும் வரும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. வரலாம். ஆனால் உலகின் பெயரால் ஓர் ஊரின் மலையை எடுப்பதற்கு அந்த ஊர் முதலில் சம்மதிக்க வேண்டும். கோலாரில் அப்படி யாரும் கேட்கவில்லை. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு திட்டத்துக்கு அனுமதி தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது முன்வைத்த காரணங்களில் புலிகளின் வழித்தடமும் வைகையின் நீர்ப்பிடிப்பும் இருந்தன. முடிவு சரி. காரணங்களில் முதலாவதாக வந்திருக்க வேண்டியது அந்த மக்களின் சம்மதம்.