மறப்பும் ஆன்மாவும்

திடீரென வந்து தானே நீங்கும் ஒரு வகை மறதி பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் காணப்படுகிறது. அதற்கு ஆளானவர் தம் பெயரை அறிவார். வீட்டாரை அடையாளம் காண்பார். பேச்சும் நடையும் மாறா. புதிதாக நடப்பது எதுவும் மனத்தில் தங்காது. "இங்கே எப்படி வந்தேன்?" என்று கேட்பார், பதில் கிடைத்த சில நிமிடங்களில் அதையே மறுபடி கேட்பார். சில மணி நேரத்தில், மிஞ்சினால் 24 மணி நேரத்துக்குள், நினைவு சீராகும். இடைப்பட்ட பொழுது மட்டும் மீள்வதில்லை. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி சிறிது நேரம் செயல் குன்றுவதால் இது நேர்கிறது. (பக்கவாதமும் இப்படித் தொடங்கலாம் என்பதால், தானே சரியாகிவிடும் என்று வீட்டில் காத்திருப்பது தவறு.)

மீண்டவரும் கேள்வி கேட்டவரும் ஒருவர்தானா? ஒருவரின் நினைவு எட்டும் தூரம்வரையே அவர் 'அதே ஆள்' என்றார் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக். அதன்படி அந்த மணிநேரங்கள் யாருடையவை என்பதே தெளிவில்லாமல் போகும்.

சைவ சித்தாந்தம் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம், மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களுள் (அகக்கருவிகளுள்) எதுவும் ஆன்மா அன்று என்கிறது. ஆணவ மலம் என்னும் இயல்பான அழுக்கால் மறைப்புண்ட ஆன்மா இக்கருவிகள் கூடும்போது அறிகிறது; பிரிந்தால் அறியாது நிற்கிறது. உலா முடித்த அரசன் ஒவ்வொரு வாயிலிலும் பரிவாரத்தை நிறுத்திவிட்டுத் தனியே அந்தப்புரம் புகுவதை நூல்கள் இதற்கு உவமை காட்டுகின்றன. அதுபோல ஆன்மாவோடு இயங்கும் கருவிகளும் நிலைக்கு நிலை குறைகின்றன: நனவாகிய சாக்கிரத்தில் 35 கருவிகள், கனவாகிய சொப்பனத்தில் 25, ஆழ்ந்த உறக்கமாகிய சுழுத்தியில் 3, அதற்கும் அப்பாலான துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1.

உறக்கத்துக்கு மட்டும் உரிய கணக்கு அன்று இது. விழித்திருக்கும்போதே இவ்வைந்து நிலைகளும் நிகழ்வதை மத்தியாலவத்தை என்பர். மறந்ததை நினைக்க முயல்பவரிடம் முதலில் வெறுமை, பின் மங்கிய சாயல், கடைசியில் தெளிவு. மறதியைக் குறையாக மட்டும் கொள்ளாமல், ஆன்மாவின் இயல்பைக் காட்டும் சான்றாக எடுத்துக்கொண்டதே சித்தாந்தத்தின் நுட்பம்.

ஒரு தடை எழும். நோயாளி அந்நேரத்தில் உரையாடினாரே. அறிதல் நடந்திருக்க, நினைவு ஏன் இல்லை? அந்தக்கரணங்கள் நான்கும் தனித்தனித் தொழில் உடையவை. மற்றவை இயங்க, சிந்தித்து நினைக்கும் சித்தம் மட்டும் நழுவியது எனக் கொள்ளச் சித்தாந்தத்தில் இடமுண்டு. அப்போது பதியாதது பின்னர் மீள வழியில்லை. அறிந்த ஆன்மாவோ மாறவில்லை.