தலையிழந்த பனை

உருவங்கள் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழில் பற்றிக் கேட்டார். அதற்குரிய எச்சரிக்கையைச் செவியுற்றதும் அவர் முகம் வெளிறிற்று. வரைந்தே ஆகவேண்டுமானால் மரங்களையும் ரூஹ் இல்லாதவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழி காட்டினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியை நாம் ஒரு சலுகையாகவே வாசிக்கிறோம். மரம் வரைந்தால் கேள்வி கணக்கில்லை என்ற நிம்மதி நமக்கு.

யுத்தம் முடிந்த 2009க்குச் சில ஆண்டுகளின் பின், கிளிநொச்சியை அடுத்த உருத்திரபுரத்தில், வயற்கரைப் பனையொன்றின் முன் கொப்பியை விரித்தபோது எனக்கு அந்த நிம்மதி போய்விட்டது. ஷெல் பட்டு வட்டிழந்த பனை அது. பென்சிலால் அடிமரத்தைக் கீறிக்கொண்டு மேலே போன கை, இல்லாத ஓலைகளையும் தானாகவே கீறிவிட்டது. வாய்க்காலோர மருதை வெட்டினாலும் அடியில் துளிர்க்கும். பனைக்குக் குருத்து ஒன்றே. அது போனால் மரமே போயிற்று. ஆகவே நான் கீறிய ஓலைகள் அலங்காரமல்ல, செத்ததை உயிரோடிருப்பதாகச் சொன்ன பொய். அழித்தேன்.

பக்கத்தில் நின்ற வளவுக்காரப் பெரியவர் விடவில்லை.

"வட்டை வைச்சே கீறுங்கோ தம்பி. முந்தி அப்பிடித்தானே நிண்டது."

இழந்தவரே கேட்கும்போது மறுப்பது நியாயமா?

நேரில் பார்த்து வரைவது ஒருவகைச் சாட்சியம். நமக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயம் (4:135) பணிக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களின் இழப்பைப் பிறர் மறைக்காமல் எழுத வேண்டுமென்று கேட்கிறோம். அப்படிக் கேட்கும் நாம், நம் துயரை மையாலும் அயலவர் துயரைப் பென்சிலாலும் எழுதலாமா?

உருவத்தின் தலையை நீக்கினால் அது மரத்தைப் போலாகிவிடும் என ஜிப்ரீல் (அலை) கூறியதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்புண்டு. தலை போன இந்த மரமோ மனிதனைப் போலாகி என் முன்னே நின்றது.

அடிமரத்தை மையால் முடித்து, மேலே தாளை வெறுமையாக விட்டேன். பின்பு பெரியவர் சொல்லச் சொல்ல, வட்டோடு இன்னொரு பனையும் கீறிக் கொடுத்தேன். அதன் கீழே 'நினைவிலிருந்து' என்று மையால் எழுதினேன். இரக்கத்துக்கும் இடமுண்டு, நினைவைக் கண்ட காட்சியென்று சொல்லாதவரை.